வேனுக்குள் புதுத் துளை வேண்டாம்

பழைய சரக்கு வேனை வீடாக மாற்றும்போது, அலமாரியோ கட்டில் சட்டமோ பொருத்தப் புதிதாகத் துளை போடாதீர்கள். உட்புற விலா இரும்புகளில் கம்பெனியே விட்டிருக்கும் துளைகளில் ரிவெட் நட் (உள்ளே மரை உள்ள குட்டிக் குழாய் போன்ற நட்) பொருத்தி, அதில் போல்ட்டை முறுக்குங்கள். பின்பக்கம் கையை நுழைக்க முடியாத இடத்துக்கென்றே வந்த சாமான் இது. துளையில் நுழைத்து அதற்கான கருவியால் இழுத்தால் உள்ளே புடைத்துக் கவ்விக்கொள்ளும்.

துளையிட்டால் பெயின்ட் போய் வெற்று இரும்பு தெரியும். மூடிய வேனில் தூங்குகிறவர்களின் மூச்சு ஈரம் குளிர்ந்த இரும்பில்தான் படியும், அப்புறம் துரு வராமல் என்ன செய்யும்? ரிவெட் நட்டில் போல்ட் போட்டால் கழற்றி மாட்டுவதும் சுலபம்.

வாங்கும் முன் துளையை வெர்னியர் காலிப்பர் என்ற அளவுக் கருவியால் அளந்துவிடுங்கள். எம்6 (6 மி.மீ. போல்ட்டுக்கான) நட்டுக்குப் பெரும்பாலும் 9 மி.மீ., எம்8-க்கு (8 மி.மீ. போல்ட்) 11 மி.மீ. துளை வேண்டும். கொஞ்சம் தளர்ந்திருந்தாலும் போல்ட்டோடு நட்டும் சேர்ந்து சுற்றும்; அதைக் கழற்றுவது பெரிய தலைவலி.

ஆட்கள் உட்கார்ந்து பயணிக்கும் சீட்டுக்கும் சீட் பெல்ட்டுக்கும் இது கூடவே கூடாது, அவற்றுக்குத் தகுந்த வலுவான பிடிமானம் தனியாக வேண்டும். விலாவே துருவேறி உதிர்ந்தால், முதலில் வெல்டிங் வேலையை முடியுங்கள்.