கடன் நோட்டின் வலப்பக்கம்

ரங்கூனில் தெய்ன்ஜி சந்தையை ஒட்டி எங்கள் மிளகாய், மஞ்சள் கடை இருக்கிறது. முப்பத்தோரு வருடமாகக் கல்லாவில் உட்கார்ந்திருக்கிறேன். "அத்தை, உங்களைப் போல் ஆளை எடைபோட எப்படிப் பழகுவது?" என்று இளையவர்கள் கேட்கிறார்கள். பழகலாம். ஒரு நோட்டு வேண்டும், தன்னைத்தானே காட்டிக்கொடுக்கும் துணிச்சலும் வேண்டும்.

அடிபட்டால் புத்தி தானாக வரும் என்று காத்திருக்காதீர்கள். 1987 செப்டம்பரில் பர்மியப் பணத்தில் 25, 35, 75 சாட் நோட்டுகள் ஒரே நாளில் செல்லாமல் போயின. மாற்றித் தரவும் இல்லை. அப்பாவின் பிஸ்கட் டின்னில் இருந்தவை பெரும்பாலும் 75. இனிக் காகிதத்தை நம்புவதில்லை என்று, கைக்கு வந்த காசையெல்லாம் மல்லியாக வாங்கி அடுக்கினார். அடுத்த மழையில் மல்லி பூசணம் பிடித்தது. அதற்குப் பிறகு மல்லியையும் நம்பவில்லை. டின்னானாலும் மூட்டையானாலும் மொத்தத்தையும் ஒரே பொருளில் போட்டதுதான் பிழை என்பது கடைசிவரை அவருக்குப் படவில்லை.

இங்கே பௌத்தர்கள் ஞானத்தை மூன்றாகப் பிரிப்பார்கள்: கேட்டு வருவது, யோசித்து வருவது, தானே பழகிப் பார்த்து வருவது. மாண்டலேயில் பிறந்த வணிகர் கோயங்கா இதை நாடு நாடாகச் சொன்னார். அவருக்குத் தியானம் கற்பித்த ஊ பா கின், பர்மா அரசின் தலைமைக் கணக்காயராக இருந்தவர். கணக்குப் பார்த்த கை என்பதால் எனக்கு அவர்மேல் தனிப் பிரியம். தியானத்தில் உட்கார்ந்தால் நான் தூங்கிவிடுவேன். எனக்கு அந்த மூன்றாவது வகை கடன் நோட்டில்தான் வாய்த்தது.

இடப்பக்கம் வழக்கம்போல் பெயர், வீசை, தொகை. வலப்பக்கத்தில், சரக்கைக் கொடுத்த அன்றே, பணம் எப்போது வரும், ஏன் அப்படி நினைக்கிறீர்கள் என்று எழுதுங்கள். மறுநாளுக்குத் தள்ளாதீர்கள். முடிவு தெரிந்த பிறகு, "எனக்கு அப்போதே தெரியும்" என்று மனம் கூசாமல் பொய் சொல்லும். காரணத்தைப் பூசி மெழுகவும் வேண்டாம். 'பேச்சு இனிமை', 'நம் ஊர்க்காரர்', 'சட்டை சுத்தம்' என்று உள்ளபடி எழுதுங்கள். பேனாவால் எழுதுவது முக்கியம். பென்சிலுக்கு நாணயம் குறைவு.

அக்டோபர் வாக்கில் இங்கே விளக்குத் திருநாளாக வரும் தடிஞ்ஜுட் பௌர்ணமி வரை வலப்பக்கத்தைப் பார்க்கக் கூடாது. பிறகு ஒவ்வொரு காரணமும் எத்தனை முறை பலித்தது என்று எண்ணுங்கள். முதல் வருடம் 'நம் ஊர்க்காரர்' என்று ஒன்பது பேருக்குக் கொடுத்திருந்தேன். ஆறு பேர் தெருவை மாற்றிக்கொண்டு நடந்தார்கள். மொஹிங்கா என்னும் மீன்குழம்பு நூடுல்ஸ் விற்கும், வாயே திறக்காத ஒருத்திக்கு 'வராது' என்று எழுதியிருந்தேன். சொன்ன தேதியில் வந்து, "அமா (அக்கா), எண்ணிக்கொள்ளுங்கள்" என்று வைத்துவிட்டுப் போனாள். அன்று காது சுட்டது.

அதே தடிஞ்ஜுட்டில் பெரியவர்களை வணங்கப் போவது இங்கே வழக்கம். போனால் அறிவுரை கேட்காதீர்கள், அது கேட்காமலே கிடைக்கும். எந்த விஷயத்தில் மனதை மாற்றிக்கொண்டீர்கள் என்று கேளுங்கள். சிலர் விழிப்பார்கள். அவர்களிடம் பலகாரத்தைச் சாப்பிட்டுவிட்டுக் கிளம்பலாம்.

போன வாரம் புதிதாக ஒருவர் வந்தார். என் தாத்தாவின் ஊர்ப் பேச்சு, அச்சு அசலாக. இரண்டு வீசை மிளகாய் கடன் கொடுத்தேன். வலப்பக்கத்தில் எழுதியாயிற்று. பௌர்ணமிக்கு இன்னும் நான்கு மாதம் இருக்கிறது.