பிள்ளைக்கு ழகரப் பெயர் வைக்கும் முன்

யாழினி, மகிழன், எழில். ழகரப் பெயர்களின் அழகே தனி, எனக்கு மிகவும் பிடிக்கும், ஆனால் ஆங்கிலத்தில் எப்படி எழுதப் போகிறோம் என்பதை முதல் நாளே முடிவு செய்துவிடுங்கள்.

தமிழ்நாட்டில் ழ-வுக்கு இசட்-எச் போடுவது வழக்கம், இலங்கையில் பெரும்பாலும் எல். இசட்-எச் போட்டால் வெளிமாநிலத்தில் ஜ என்றோ ஸ என்றோ வாசிப்பார்கள். எல் போட்டால் 'யாலினி' ஆகிவிடும், உச்சரிப்பு ஓரளவு கிட்டே வரும், ஆனால் ழ போய்விடும். நான் இசட்-எச் பக்கம்தான், ஏனென்றால் தமிழர் பார்த்ததும் சரியாகச் சொல்வார்கள்.

ஒரு சோதனை செய்யுங்கள். பெயரைத் தாளில் எழுதி, தமிழ் தெரியாத இரண்டு மூன்று பேரிடம் வாசிக்கச் சொல்லுங்கள், அப்புறம் போனில் சொல்லி எழுதச் சொல்லுங்கள். அவர்கள் சொல்லும் தப்பான வடிவம் காதுக்குப் பரவாயில்லை என்றால் தைரியமாக வைக்கலாம்.

தமிழிலும் குழப்பம் உண்டு: பாவனா, தீபா என்று ப, த போட்டு எழுதுகிறோம், ஆனால் முதல் ஒலியை ஆங்கில பி, டி போலச் சொல்கிறோம்.

அவசரம் வேண்டாம். பிறப்பைப் பெயரில்லாமலே பதிந்துவிட்டு, 12 மாதத்துக்குள் கட்டணமின்றிப் பெயரைச் சேர்க்கலாம். பிறப்புச் சான்றிதழில் உள்ள அதே ஆங்கில எழுத்துகள்தான் ஆதாரிலும் பாஸ்போர்ட்டிலும் வர வேண்டும், நெடிலுக்கு இரண்டு ஏ-யா ஒன்றா என்பது வரை.