மூச்சு பார்க்கிற வேலை: ரெஸ்பிரேட்டரி தெரபி படிக்க நினைக்கிற தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பிள்ளைகளுக்கு

பிளஸ் டூ ரிசல்ட் வந்தால் போதும், என் போன் ஓயாது. பாலக்கோட்டிலிருந்து சித்தப்பா, காரிமங்கலத்திலிருந்து அம்மாவின் தோழி, நம்பர் எப்படிக் கிடைத்ததோ தெரியாத ஒரு அரூர்க்காரர். "பாப்பாவுக்கு நீட் மார்க் பத்தல. நர்சிங் வேணாங்கறா. நீ என்னமோ மூச்சுக்குப் படிச்சியே, அது என்னம்மா?" எல்லாருக்கும் தனித்தனியாகச் சொல்லி மாளவில்லை. எழுதிவிடுகிறேன்.

நான் ஓசூரில் ஒரு தனியார் ஆஸ்பத்திரி ஐசியூவில் ரெஸ்பிரேட்டரி தெரபிஸ்ட். ஆர்டி என்பார்கள். டாக்டரும் இல்லை, நர்ஸும் இல்லை. வென்டிலேட்டர், முகமூடி வழியாகக் காற்றைத் தள்ளுகிற பைபாப், ஆக்சிஜன், நெபுலைசர், ரத்த வாயுப் பரிசோதனையான ஏபிஜி, நுரையீரல் ஊதிப் பார்க்கிற டெஸ்ட் என மூச்சு சம்பந்தப்பட்டது எதுவானாலும் எங்களைத்தான் கூப்பிடுவார்கள். பெண் பார்க்க வருகிறவர்கள் கேட்டால் அம்மா "நர்ஸ் மாதிரி" என்று சொல்லிவிடுவார். திருத்தித் திருத்திப் பார்த்து விட்டுவிட்டேன்.

நம்ம பக்கம் யாரெல்லாம் இந்த வேலைக்கு வந்து சேர்கிறார்கள் என்று தெரிந்துகொள்ளுங்கள், படிப்பு தானாகப் புரியும். தேசிய நெடுஞ்சாலை 44-ல் அடிபட்டு வருகிறவர்கள். தோட்டத்துக்கு வைத்திருந்த பூச்சி மருந்தைக் குடித்தவர்கள். விறகு அடுப்பில் ஊதி ஊதியே நுரையீரல் போன பாட்டிகள். கிரானைட் அறுக்கிற இடத்துத் தூசியை வருஷக்கணக்கில் உள்ளே இழுத்தவர்கள். அப்புறம் பாம்புக்கடி.

கட்டுவிரியனைப் பற்றிக் கொஞ்சம் சொல்லணும். அது பெரும்பாலும் ராத்திரியில், தரையில் படுத்திருப்பவர்களைக் கடிக்கும். வலி இருக்காது, கடிவாய்கூடச் சரியாகத் தெரியாது. விடிகாலையில் வயிறு வலிக்கிறது என்பார்கள். பிறகு இமை தூக்க வராது, பேச்சு குழறும், மூச்சுத் தசைகள் ஒவ்வொன்றாக நின்றுபோகும். மூச்சுக்குழாயில் டியூப் போட்டு வென்டிலேட்டரில் விட்டால் நாள்கணக்கில் விரல்கூட அசையாமல் கிடப்பார். உறவுக்காரர்கள் "முடிஞ்சுபோச்சா?" என்று அவர் தலைமாட்டிலேயே கேட்பார்கள். ஆனால் அவருக்கு எல்லாம் கேட்கும். நினைவு தப்புவதில்லை, தசைகள்தான் வேலை செய்வதில்லை. அதனால் நான் ஒவ்வொரு முறையும் சொல்லிவிட்டுத்தான் கை வைப்பேன்: "ஐயா, சளி எடுக்கப் போறேன், இருமல் வர்ற மாதிரி இருக்கும், பயப்படாதீங்க." பதிலே வராத ஆளிடம் இப்படிப் பேச உங்களுக்குக் கூச்சம் இல்லையென்றால் இந்த வேலைக்குப் பாதித் தகுதி வந்துவிட்டது.

பூச்சி மருந்து குடித்தவர்கள் வேறு மாதிரி ஏமாற்றுவார்கள். முதல் நாள் சளியும் எச்சிலும் கொட்டும். அது அடங்கி, ஆள் நன்றாக விழித்து, ஜாடை காட்டி டியூப்பை எடுக்கச் சொல்வார். சொந்தக்காரர்களும் கேட்பார்கள். அவசரப்படக் கூடாது. குடித்து ஒன்றிலிருந்து நான்கு நாளுக்குள் கழுத்தும் மூச்சுத் தசையும் திடீரென்று தளர்ந்துபோக வாய்ப்பு உண்டு. "தலையைத் தலகாணியிலிருந்து தூக்குங்க, அப்படியே பிடிங்க" என்று சொல்லிப் பார்ப்போம். தலை நிற்கவில்லையென்றால், மெஷினில் எண்கள் எவ்வளவு அழகாக இருந்தாலும், டியூப் அங்கேயே இருக்கட்டும் என்று டாக்டரிடம் சொல்ல வேண்டியது ஆர்டியின் வேலை.

பாக்கெட்டில் ஒரு இன்ச் டேப்

ஸ்டெதஸ்கோப் மாட்டிக்கொண்டு போட்டோ எடுக்கிற ஆசை எல்லாருக்கும் இருக்கும். நான் முதலில் வாங்கச் சொல்வது தையல்காரர் வைத்திருக்கிற டேப்பைத்தான். ஒரு மூச்சுக்கு எத்தனை மில்லி காற்று தள்ளணும் என்பதை ஆளின் எடையை வைத்துக் கணக்குப் போடுவதில்லை, உயரத்தை வைத்துத்தான். உடம்பு பெருத்தாலும் நுரையீரல் பெருப்பதில்லை. உயரத்துக்கு ஏற்ற எடை எவ்வளவு என்று பார்க்க, பெண்ணுக்கு 45.5 கிலோ, ஆணுக்கு 50 கிலோ என்று தொடங்கி, 152.4 செ.மீ.க்கு மேல் இருக்கிற ஒவ்வொரு செ.மீ.க்கும் 0.91 கூட்டணும். 152 செ.மீ. உயரம், 80 கிலோ எடையுள்ள ஒரு அம்மாவுக்கு இந்தக் கணக்கில் வருவது சுமார் 45 கிலோதான். நுரையீரல் மோசமாக வீங்கியிருந்தால் கிலோவுக்கு 6 மில்லி, ஆக 270 மில்லி. எடையைப் பார்த்து வைத்தால் 480 போயிருக்கும், நுரையீரல் கிழியலாம். 2000-ல் வெளிவந்த அமெரிக்க ஆய்வு ஒன்றில் இப்படிப்பட்ட நோயாளிகளில் கிலோவுக்கு 12 மில்லி கொடுத்த பக்கம் சுமார் 40 சதவீதம் பேர் இறந்தார்கள், 6 மில்லி கொடுத்த பக்கம் 31 சதவீதம். மருந்து ஒன்றும் மாறவில்லை, காற்றின் அளவு மட்டும்தான் மாறியது. படுத்திருக்கிறவரை உச்சந்தலையிலிருந்து குதிகால் வரை அளக்க அரை நிமிஷம் ஆகும். "சுமாரா அஞ்சடி இருப்பாங்க" என்று குத்துமதிப்பாக எழுதுகிறவர்களைக் கண்டால் எனக்கு ஆகாது.

இன்னொரு கணக்கும் மனப்பாடமாக இருக்கணும்: நோயாளியை வேறு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும்போது சிலிண்டரில் ஆக்சிஜன் எவ்வளவு நேரம் வரும் என்பது. ஓசூரிலிருந்து பெங்களூருக்கு நாற்பது கிலோமீட்டர்தான். ஆனால் பெங்களூரு சில்க் போர்டு சந்திப்பு நெரிசலில் ஆம்புலன்ஸ் மாட்டினால் எப்போது போய்ச் சேரும் என்று யாரும் சொல்ல முடியாது. சேலத்துக்கு ஷிப்ட் பண்ணுகிற தர்மபுரிக்காரர்களுக்குத் தொப்பூர் கணவாய் அதே பாட்டைப் படுத்தும். பி டைப் ஆக்சிஜன் சிலிண்டர் முழுசாக நிரம்பியிருந்தால் சுமார் 1500 லிட்டர். நிமிஷத்துக்கு 10 லிட்டர் போனால் 150 நிமிஷம். மீட்டர் முள் பாதியில் நின்றால் 75 நிமிஷம்தான். போகிற நேரத்துக்கு இரண்டு மடங்கு கையில் இருக்கிறதா என்று நீங்களே பார்த்துவிட்டு ஏறுங்கள். "ஃபுல்லா இருக்கு மேடம்" என்று டிரைவர் சொன்னால், தலையாட்டிவிட்டு முள்ளைப் பாருங்கள்.

அலாரம் அடித்தால் மெஷின் பக்கம் ஓடாதீர்கள், ஆளைப் பாருங்கள். நெஞ்சு இரண்டு பக்கமும் ஏறுகிறதா, டியூப் நகர்ந்ததா, சளி அடைத்ததா, ஒரு பக்கம் காற்று வெளியேறி நுரையீரல் சுருங்கிவிட்டதா. சந்தேகம் என்றால் மெஷினைக் கழற்றிவிட்டு, கையால் அமுக்கி மூச்சு கொடுக்கிற ஆம்பு பேக்கை எடுங்கள். மெஷினை அப்புறம் திட்டிக்கொள்ளலாம்.

வேலை ஐசியூவோடு முடிவதில்லை. ஓபி-யில் இன்ஹேலர் சொல்லிக்கொடுப்பது சின்ன வேலை மாதிரித் தெரியும், அதில்தான் நிறையப் பேர் பிழைக்கிறார்கள். மாத்திரையைக் கருவிக்குள் போட்டு உடைத்து உறிஞ்சணும் என்று யாரும் சொல்லாமல், ரோட்டாகேப்பைத் தண்ணீர் ஊற்றி விழுங்கிக்கொண்டிருந்த ஒரு தாத்தாவைப் பார்த்திருக்கிறேன். "தினம் போடறேன் கண்ணு, எளப்பு நிக்கல" என்றார். எப்படி நிற்கும்? அன்றைக்கு அவர் கையாலேயே செய்ய வைத்து அனுப்பினேன். வாயில் சொன்னால் போதாது, செய்து காட்டச் சொல்லணும். ஸ்டீராய்டு கலந்த இன்ஹேலர் என்றால் இழுத்தபின் வாய் கொப்பளிக்க வேண்டும் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

எப்படிச் சேருவது

பிளஸ் டூவில் இயற்பியல், வேதியியல், உயிரியல் வேண்டும். பி.எஸ்சி. ரெஸ்பிரேட்டரி தெரபி, மூன்று ஆண்டு படிப்பும் ஒரு ஆண்டு இன்டர்ன்ஷிப்பும். துணை மருத்துவப் பட்டப்படிப்புகளுக்கு மருத்துவக் கல்வி மற்றும் ஆராய்ச்சி இயக்ககத்தின் தேர்வுக் குழு ஆன்லைனில் விண்ணப்பம் வாங்கிப் பிளஸ் டூ மதிப்பெண்ணை வைத்துக் கலந்தாய்வு நடத்துகிறது. நான் சேர்ந்தபோது நீட் கேட்கவில்லை. விதிகள் மாறக்கூடியவை என்பதால் அந்த வருஷத்து விளக்கக் குறிப்பேட்டை நீங்களே படித்துவிடுங்கள், ஏஜென்ட் சொல்வதை நம்ப வேண்டாம். மருத்துவக் கல்லூரி தர்மபுரியில் 2008-லும் கிருஷ்ணகிரியில் 2022-லும் வந்துவிட்டதால், எந்தத் துணை மருத்துவப் படிப்பு எங்கே இருக்கிறது என்பதை முதலில் வீட்டுக்குப் பக்கத்திலேயே விசாரியுங்கள்.

தனியாரில் சேருவதானால் கட்டடத்தைப் பார்க்காதீர்கள். இரண்டே கேள்வி கேளுங்கள். டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்தின் இணைப்போ, அதற்கு ஈடான அங்கீகாரமோ இருக்கிறதா, காகிதத்தைக் காட்டுங்கள். அடுத்தது, நோயாளிகளிடம் நேரடிப் பயிற்சியான கிளினிக்கல் எந்த ஆஸ்பத்திரியில், அங்கே எத்தனை வென்டிலேட்டர் ஓடுகிறது? இரண்டாவதுக்கு மழுப்பினால் எழுந்து வந்துவிடுங்கள். பஸ் ஸ்டாண்ட் எதிரில் மாடியில் ஒரு அறையில், ஓடாத வென்டிலேட்டர் ஒன்றை மூலையில் நிறுத்தி "டிப்ளமோ" நடத்துகிற இடங்கள் உண்டு. அந்தச் சான்றிதழுக்கு ஐசியூவில் மதிப்பில்லை. 2021-ல் மத்திய அரசு துணை மருத்துவத் துறைகளுக்கென்றே தனிச் சட்டம் போட்டு ஆணையம் அமைத்திருக்கிறது. பதிவு கட்டாயமாகும்போது முதலில் அடிபடுவது இப்படிப் படித்தவர்கள்தான்.

காசு

ஒளிக்க ஒன்றுமில்லை. நம்ம பக்கம் தொடக்கச் சம்பளம் பதினைந்து, இருபதாயிரம் என்றுதான் பேசுவார்கள். ஐடி-க்குப் போன அண்ணன்களோடு ஒப்பிட்டால் மனசு கஷ்டப்படும். நைட் டூட்டி உண்டு, பொங்கல் அன்றைக்கும் உண்டு. அரசு ஆஸ்பத்திரிகளில் இந்தப் பெயரில் பணியிடம் குறைவு, அதை மட்டும் நம்பி இதில் இறங்காதீர்கள். ஓசூர்க்காரர்களுக்குப் பெங்களூரு பக்கம் என்பது பெரிய வசதி. பெரிய ஐசியூக்களில் இரண்டு வருஷம் உழைத்தால் சம்பளமும் ஏறும், கையும் பழகும். பச்சைக்குழந்தை ஐசியூ, தூக்க ஆய்வகம், வீட்டில் வென்டிலேட்டர் வைத்திருப்பவர்களைப் பார்க்கிற ஹோம் கேர், வென்டிலேட்டர் கம்பெனிகளில் டெமோ காட்டி ஸ்டாஃபுக்குப் பயிற்சி கொடுக்கிற அப்ளிகேஷன் வேலை என்று கிளைகள் இருக்கின்றன. பேசத் தெரிந்தவர்களுக்குக் கம்பெனி வேலை நல்ல வரும்படி. எனக்கு அது ஒத்துவரவில்லை.

வெளிநாடு என்றால் எல்லாரும் அமெரிக்காவைக் கேட்கிறார்கள். இங்கே வாங்கிய டிகிரியை வைத்து அங்கத்திய ரெஸ்பிரேட்டரி தெரபிஸ்டுகளுக்கான ஆர்ஆர்டி தேர்வை நேராக எழுத முடியாது. அங்கே அங்கீகாரம் பெற்ற படிப்பைப் படித்திருக்கணும். வளைகுடாதான் நடைமுறையில் திறந்திருக்கிற கதவு. சவூதி, துபாய் போக டேட்டாஃப்ளோ வழியாகச் சான்றிதழ்களைச் சரிபார்ப்பார்கள், கம்ப்யூட்டரில் தேர்வும் உண்டு. சான்றிதழ் சரிபார்ப்பில்தான் பலர் சிக்குகிறார்கள். ஆகவே முதல் வேலையில் சேரும்போதே கவனியுங்கள்: அப்பாயின்ட்மென்ட் ஆர்டரில் "டெக்னீஷியன்" என்றோ "ஐசியூ ஸ்டாஃப்" என்றோ போடாமல் "ரெஸ்பிரேட்டரி தெரபிஸ்ட்" என்று போடச் சொல்லுங்கள். வேலையை விடும்போது அனுபவக் கடிதத்திலும் அதே பெயர், சேர்ந்த தேதி, விட்ட தேதி, முத்திரை எல்லாம் இருக்கணும். எச்ஆர் "அப்புறம் மெயில்ல அனுப்புறோம்மா" என்பார்கள். அங்கேயே உட்கார்ந்து வாங்கிக்கொண்டு வாருங்கள்.