நானோதுளையில் புரதப் பிணைப்பைப் பார்ப்பது எப்படி? முதல்முறை செய்பவர்களுக்கு

சிலிக்கான் என்றதும் பினாங்குக்காரர்களுக்கு பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டைதான் நினைவுக்கு வரும். 1972 முதல் அங்கே சில்லுகளைப் பொருத்திச் சோதிக்கிறார்கள். நம்மில் பலர் வீட்டில் யாராவது ஒருவர் அங்கே ஷிஃப்ட் பார்த்திருப்பார். அதே சிலிக்கானின் மேல் சுமார் 20 நானோமீட்டர் தடிப்பில் சிலிக்கான் நைட்ரைடு சவ்வு, அதன் நடுவில் நானோமீட்டர் அளவில் ஒரே ஒரு துளை; இதுதான் நானோதுளை. இதை வைத்து இரண்டு புரதங்கள் ஒன்றையொன்று பிடித்துக்கொள்கின்றனவா என்று, ஒளிரும் சாயம் எதுவும் ஒட்டாமல், மூலக்கூறு மூலக்கூறாகப் பார்க்கலாம். மிண்டனிலுள்ள மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தில் இறுதியாண்டு ஆய்வு தொடங்கும் நம் பிள்ளைகளை மனதில் வைத்து எழுதுகிறேன்.

அடிப்படை எளிது. சவ்வின் இருபுறமும் உப்புக்கரைசல், இரண்டிலும் மின்முனைகள். மின்னழுத்தம் கொடுத்தால் அயனிகள் துளை வழியே ஓடும். ஒரு புரதம் துளைக்குள் நுழைந்ததும், குறுகிய சந்தில் லாரி புகுந்ததுபோல், அயனிகளுக்கு வழி குறையும். மின்னோட்டம் ஒரு கணம் இறங்கி மீளும். இதைத்தான் துடிப்பு என்கிறோம். இரத்த அணுக்களை எண்ண வாலஸ் கோல்ட்டர் 1953-இல் காப்புரிமை பெற்ற உத்திதான் இது. துளை மட்டும் பல்லாயிரம் மடங்கு சிறுத்துவிட்டது.

படி 1: புரத இணையும் துளையும்

மாட்டு சீரம் அல்புமினையும் அதைப் பிடிக்கும் ஒற்றை வகை ஆன்டிபாடியையும் எடுத்துக்கொள்ளுங்கள். மூலக்கூறு எடையில் முன்னது சுமார் 66 கிலோடால்டன், பின்னது சுமார் 150. இரண்டும் சேர்ந்தாலும் நுழைய 20 நானோமீட்டர் விட்டமுள்ள துளை போதும். தயார்ச் சில்லு வாங்கலாம். அல்லது 2014-இல் ஒட்டாவா பல்கலைக்கழகத்தார் வெளியிட்ட முறைப்படி, கரைசலுக்குள்ளேயே சவ்வுக்கு மின்னழுத்தம் கொடுத்துத் துளைக்கலாம். எலக்ட்ரான் நுண்ணோக்கி தேவையில்லை.

படி 2: மின்முனைகள்

வெள்ளிக் கம்பியை மணல்தாளால் தேய்த்து, வீட்டில் துணி வெளுக்கும் குளோராக்ஸில் கருமையாகும் வரை ஊறவையுங்கள். கழுவி, வெளிச்சம் படாமல் வையுங்கள்.

படி 3: நனைத்தல்

பலருடைய முதல் வாரம் இங்கேதான் போகும். துளைக்குள் காற்று சிக்கினால் எதுவும் நடக்காது. முதலில் பாதி எத்தனால், பாதி தண்ணீர் கலந்து சில்லை நனையுங்கள். பிறகு 1 மோலார் பொட்டாசியம் குளோரைடு பஃபருக்கு (பிஎச் மாறாமல் காக்கும் கரைசல்), பிஎச் 7.4-இல், மாற்றுங்கள். குளிர்பெட்டியிலிருந்து எடுத்த பஃபரை உடனே ஊற்றாதீர்கள். சூடேறும்போது கரைந்திருந்த காற்று குமிழாக வெளிவரும். அறை வெப்பத்துக்கு வந்தபின் வெற்றிடத்தில் காற்றை நீக்கி ஊற்றுங்கள்.

படி 4: துளையைக் கணக்கால் சரிபார்த்தல்

−200 முதல் +200 மில்லிவோல்ட் வரை மின்னோட்டத்தை அளந்து வரைபடம் போடுங்கள். நேர்கோடு வர வேண்டும். 20 நானோமீட்டர் விட்டமும் அதே தடிப்பும் இருந்தால், 25 டிகிரியில் கடத்துதிறன் சுமார் 97 நானோசீமன்ஸ். அதாவது 100 மில்லிவோல்ட்டில் 10 நானோ ஆம்பியருக்குச் சற்றுக் குறைவு. ஏர்கோனை 20 டிகிரியில் வைத்தால் இது ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு குறையும், அறை வெப்பத்தைக் குறித்துவையுங்கள். பாதிதான் வருகிறதென்றால் துளை இன்னும் நனையவில்லை, அல்லது அழுக்கு அடைத்திருக்கிறது.

படி 5: இரைச்சல்

நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். அது சமிக்ஞையில் அலையலையாகத் தெரியும். ஃபாரடே கூண்டை (கருவியைச் சுற்றியுள்ள உலோகப் பெட்டி) மூடி, எர்த் கொடுத்து, பக்கத்திலுள்ள கைப்பேசி சார்ஜரைக் கழற்றுங்கள்.

படி 6: அளவீடு, ஒப்பீடுகளுடன்

முதலில் பஃபர் மட்டும். ஒரு துடிப்பும் வரக்கூடாது. அடுத்து 10 நானோமோலார் அல்புமின். பிஎச் 7.4-இல் அதற்கு எதிர்மின்னேற்றம், எனவே நேர்மின்முனைப் பக்கம் போகும். ஆனால் சவ்வின் சுவரும் எதிர்மின்னேற்றம் கொண்டதுதான். அதனால் எழும் நீரோட்டம் எதிர்த்திசையில் தள்ளும். துடிப்பே இல்லையென்றால் மின்னழுத்தத்தைத் திருப்பிப் பாருங்கள். பிறகு ஆன்டிபாடி மட்டும், அதன்பின் கலவை, கடைசியாக அல்புமினைப் பிடிக்காத வேறொரு ஆன்டிபாடியுடன் கலவை. இந்தக் கடைசி ஒப்பீடு இல்லாத முடிவை நான் ஏற்கமாட்டேன். புரதம் சுவரில் ஒட்டினாலும் நீண்ட துடிப்பு வரும்; அதைப் பிணைப்பு என்று நினைத்துவிடுவது மிக எளிது. ஒட்டாமல் தடுக்கச் சுவருக்குக் கொழுப்புப் படலம் பூசலாம். ஆய்வாளர் மைக்கேல் மேயரின் குழு 2011-இல் வெளியிட்ட இந்த உத்திக்கு முன்மாதிரி, பட்டுப்பூச்சியின் உணர்கொம்பிலுள்ள கொழுப்பு பூசிய நுண்துளைகள். எனக்கு இது தீராத வியப்பு.

சமிக்ஞையின் அதிவேக இரைச்சலை நீக்கும் மின்னணு வடிகட்டியையும் கவனியுங்கள். 10 கிலோஹெர்ட்ஸில் வைத்தால் சுமார் 70 மைக்ரோவினாடிக்குக் குறைந்த துடிப்புகளின் ஆழம் குறைந்தே பதிவாகும். பல புரதங்கள் அதைவிட வேகமாகப் போய்விடும். ஆம்ப்ளிஃபையர் அனுமதித்தால் 100 கிலோஹெர்ட்ஸ் வரை போங்கள்.

படி 7: பிணைப்பை எண்ணாக்குதல்

ஒவ்வொரு துடிப்பின் ஆழத்தையும் கால அளவையும் புள்ளியாக இட்டால், கலவையில் ஆழமான புதிய கூட்டம் தெரியும். ஆனால் தனி ஆன்டிபாடியின் கூட்டமும் அதன்மேல் படியும். அதனால் தனி அல்புமின் துடிப்புகள் நிமிடத்துக்கு எத்தனை குறைகின்றன என்று எண்ணுவதே நம்பகமானது. அல்புமினை மாற்றாமல் ஆன்டிபாடியை மட்டும் படிப்படியாகக் கூட்டுங்கள். ஓர் ஆன்டிபாடி இரண்டு அல்புமினைப் பிடிக்கும், ஆகவே அது மிகுதியாக இருக்கட்டும். அந்த நிலையில் தனி அல்புமின் பாதியாகும் ஆன்டிபாடிச் செறிவு, பிரிகை மாறிலிக்கு (பிணைப்பின் வலிமையைக் காட்டும் எண்; சிறியதாக இருந்தால் பிடி வலுவானது) நெருக்கமாக இருக்கும்.

இந்த எண் 1 மோலார் உப்பில் கிடைத்தது. உடலில் உப்புச் செறிவு ஏறக்குறைய 0.15 மோலார்தான். மின்னேற்றத்தால் பிடித்துக்கொள்ளும் இணைகள் அதிக உப்பில் பிரிந்துவிடும். பிணைப்பு இல்லை என்று தவறாக முடிவெடுப்பீர்கள். சமிக்ஞை சிறுத்தாலும் 0.5, 0.3 மோலாரிலும் அளந்து, ஒவ்வொரு எண்ணுக்கும் பக்கத்தில் உப்பின் செறிவை எழுதுங்கள்.