இணையக் கடை திறக்கிறீர்களா? முதலில் பெட்டியை அளந்துவிடுங்கள்

கோலாலம்பூரில் பிரிக்ஃபீல்ட்ஸ், செந்தூல் பக்கம் வீட்டிலேயே முறுக்கு சுட்டு விற்கிறவர்கள் ஷாப்பி இணையச் சந்தையில் கடை திறந்ததும் படம், பெயர், சலுகை என்றுதான் அலைகிறார்கள். கையைக் கடிப்பது என்னவோ கூரியர் செலவு.

கூரியர்காரர் எடையை மட்டும் பார்ப்பதில்லை. பெட்டியின் நீளம், அகலம், உயரத்தைச் சென்டிமீட்டரில் பெருக்கி, பெரும்பாலும் 5000-ஆல் வகுப்பார்கள். அந்தக் கணக்கு, உண்மையான எடை, இரண்டில் எது அதிகமோ அதற்குத்தான் காசு. 30, 30, 20 அளவுப் பெட்டியில் ஒரு கிலோ முறுக்கு இருந்தாலும் கணக்கில் அது 3.6 கிலோ! முறுக்கு, அப்பளம் மாதிரி காற்றடைத்த சரக்குக்கு இதுதான் வினை. முறுக்கு டின்னுக்குப் பொருத்தமான சின்னப் பெட்டியாகத் தேடுங்கள். கடைப் பக்கத்தின் பொருள் விவரத்தில் பெட்டியின் வெளி அளவைப் போடுங்கள். கடல் தாண்டி கிழக்கு மலேசியாவில் இருக்கும் சபா, சரவாக்கிற்குக் கட்டணம் இன்னும் கூடும். ‘இலவச டெலிவரி’ என்று எழுதுமுன் கூட்டிப் பாருங்கள்.

எஸ்.எஸ்.எம். (மலேசிய நிறுவன ஆணையம்) பதிவைத் தள்ளிப்போடாதீர்கள். வியாபாரம் தொடங்கிய 30 நாளுக்குள் செய்ய வேண்டும். அடையாள அட்டைப் பெயரிலேயே என்றால் ஆண்டுக்கு 30 வெள்ளி (ரிங்கிட்), கடைப் பெயர் வைத்தால் 60. இணையத்திலேயே முடிந்துவிடும். பதிவு எண்ணையும் தொடர்பு எண்ணையும் கடைப் பக்கத்தில் போடுங்கள். சட்டமும் அதைக் கேட்கிறது.