ஸ்கேன் படத்தில் அளவு எங்கே பிழைக்கிறது?

ஈரலின் கனவளவோ நாடியின் விட்டமோ, எதை அளந்தாலும் மென்பொருள் எண்ணுவது பிக்சலைத்தான். ஒரு பிக்சல் எத்தனை மில்லிமீற்றர் என்பது படத்தைப் பார்த்தால் தெரியாது. ஸ்கேன் இயந்திரம் படத்தைச் சேமிக்கும் டைகொம் ஃபைலின் தலைப்பகுதியில்தான் இருக்கும். திருமலையில் எடுத்த ஸ்கேனைத் திரையிலிருந்து போனில் படம்பிடித்து வட்ஸ்அப்பில் கொழும்புக்கு அனுப்பினால், பார்த்து ஒரு யோசனை சொல்லலாம், அளக்க முடியாது. சி.ரி.யில் ஒவ்வொரு பிக்சலின் அடர்த்தியைக் காட்டும் ஹவுன்ஸ்ஃபீல்ட் எண்களும் (நீர் 0, காற்று மைனஸ் 1000) 256 சாம்பல் நிறங்களுக்குள் நசுங்கிவிடும். சீடியிலுள்ள மூல ஃபைலையே கேட்டு வாங்குங்கள்.

கிழக்குப் பல்கலைக்கழகத்தின் கோணேசபுரி வளாகத்தில் இதை இறுதியாண்டுச் செயற்றிட்டமாக எடுப்பவர்கள் கனவளவில் கவனமாக இருக்கவேண்டும். ஸ்கேன் உடலைத் துண்டு துண்டான படங்களாக எடுக்கிறது; துண்டின் தடிப்பு வேறு, துண்டுகளுக்கு இடையிலான தூரம் வேறு. 5 மி.மீ. தடிப்புள்ள துண்டுகள் 2.5 மி.மீ.க்கு ஒன்றாக, ஒன்றன்மேல் ஒன்று ஏறியபடி இருக்கலாம். தடிப்பால் பெருக்கினால் 1500 மில்லிலீற்றர் ஈரல் 3000 ஆகும். அது கண்ணில் பட்டுவிடும். தூரம் 4 ஆக இருந்தால் வரும் 1875ஐ யாரும் சந்தேகப்படமாட்டார்கள், ஆபத்து அங்கேதான். அடுத்தடுத்த துண்டுகளின் இருப்பிட ஆயங்களைக் கழித்துத் தூரத்தை எடுங்கள். நடுவில் ஒரு துண்டு காணாமற்போயிருந்தாலும் அப்போது தெரியவரும்.

பெருநாடி எல்லோருக்கும் நேராக ஓடுவதில்லை. முருங்கைக்காயைச் சரித்து வெட்டினால் முகம் நீள்வட்டமாக வருகிறதல்லவா? 26 மி.மீ. விட்டமுள்ள நாடி 30 பாகை சரிந்திருந்தால், குறுக்குவெட்டில் நீளப்பக்கம் 30 மி.மீ. காட்டும். வயிற்றுப் பெருநாடியில் வீக்கம் என்று சொல்லத் தொடங்கும் எல்லையும் அதுதான், சுகதேகி நோயாளியாகிவிடுவார். நாடியின் நடுக்கோட்டைக் கண்டு, அதற்குச் செங்குத்தாக வெட்டி அளக்கவேண்டும்.

நாடியின் விளிம்புப் பிக்சலில் பாதி இரத்தம், பாதி கொழுப்பு. பக்கத்துக்கு ஒரு பிக்சல், அதாவது 0.7 மி.மீ., கூடினால் 6 மி.மீ. நாடி 7.4 ஆகும், பரப்பு பாதிக்கு மேல் கூடிவிடும். சாயமருந்து ஆளுக்கு ஆள் வேறுபடுவதால், ஒரே திரெஷோல்டை, அதாவது இதற்கு மேற்பட்டதெல்லாம் நாடி என்று பிரிக்கும் எல்லை எண்ணை, எல்லோருக்கும் போடாதீர்கள். நாடிக்குள் 300, வெளியே மைனஸ் 100 என்றால் நடுவான 100ஐ வையுங்கள்.

எந்தப் பிக்சல் எந்த உறுப்பு என்று எண்ணால் குறித்த படம்தான் மாஸ்க். அதன் அளவை மாற்றும்போது அயற்பிக்சலின் எண்ணை அப்படியே எடுக்கும் முறையே சரி. சராசரி எடுத்தால், 1 என்ற ஈரலுக்கும் 3 என்ற சிறுநீரகத்துக்கும் நடுவே 2 என்ற மண்ணீரல் முளைக்கும்!

எக்ஸ்ரேயில் பிக்சல் அளவு பெரும்பாலும் உணரித் தட்டுக்குரியது, உடலுக்குரியதல்ல. கட்டிலில் வைத்து முன்பக்கமிருந்து எடுத்த படத்தில், இதயம் தட்டிலிருந்து தள்ளியிருப்பதால், பெருத்தே தெரியும். அந்தப் படத்தில் இதய அகலத்தை அளக்காமல் விடுவதே நல்லது.