தட்டானில் ஆண் எது, பெண் எது?

சென்னையில் பள்ளிக்கரணை, சேத்துப்பட்டு ஏரி என்று தண்ணீர்ப் பக்கம் போகிறவர்கள், தட்டான் மாதிரி ஒரு பூச்சியைக் கண்டால் முதலில் அது உட்காரும் விதத்தைப் பாருங்கள். இறக்கையை விரித்தபடி உட்கார்ந்தால் தட்டான். உடல் மெலிந்து, இறக்கையை முதுகின்மேல் சேர்த்து வைத்திருந்தால் பெரும்பாலும் ஊசித்தட்டான்.

ஆண் பெண் பிரிக்க நிறத்தை மட்டும் நம்பாதீர்கள். சாக்கடையோரம்கூடத் திரியும் ஆரஞ்சு இறக்கைத் தட்டான் ஆண். அதன் பெண்ணுக்கு நிறமற்ற இறக்கை, வெளிர் உடல். இதுவரை சுலபம். ஆனால் பல வகைகளில் இளம் ஆணும் பெண்ணின் நிறத்திலேயே இருக்கும். பச்சையும் கறுப்புமாக வரியோடிய தட்டானிலோ இரண்டுமே ஒரே மாதிரி.

அதனால் பக்கவாட்டில் படம் எடுத்துப் பெரிதாக்குங்கள். மார்பை ஒட்டி வயிறு தொடங்கும் இடத்தில், இரண்டாம் கணுவின் அடியில் சின்னப் புடைப்பு தெரிந்தால் ஆண்தான். இந்த அடையாளம் ஏமாற்றாது.

ஜோடியாகப் பறந்தால் முன்னால் போவது ஆண்; வால் நுனியால் பெண்ணின் தலையைப் பிடித்திருக்கும். தண்ணீரை வால் நுனியால் தொட்டுத் தொட்டுப் பறப்பது முட்டையிடும் பெண். பளபளக்கும் கார் கூரையைத் தண்ணீர் என்று நம்பி அதிலும் இடும், பாவம்.